முன்பதிவு முதல் சாவி வரை: புதிய மின்சார கார்களைச் சுற்றியுள்ள ரகசியம் என்ன? வாடிக்கையாளர் எதை, எங்கே சரிபார்க்கலாம்?

மும்பை:

மும்பையின் கிழக்குப் புறநகரை இணைக்கும் லால் பகதூர் சாஸ்திரி சாலை, சயானில் தொடங்கி குர்லா, காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு வழியாகத் தானே நகரைச் சென்றடைகிறது. இச்சாலை கடந்து செல்லும் குர்லா மேற்குப் பகுதியில், அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 24,565 சதுர அடி கிடங்கு ஒன்றை ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்திருப்பதாக 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் செய்தி வெளியானது. மூன்று மாதங்களுக்குப் பின்னர், செப்டம்பர் 5ஆம் தேதி, இந்தியாவில் அந்நிறுவனத்தின் முதல் காரைப் பெற்றுக்கொண்டவர் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை அமைச்சர் பிரதாப் சர்நாயக். அவர் தானே நகரைச் சேர்ந்தவர்.

இந்த இரு நகர்வுகளுக்கும் நடுவே உள்ள பாண்டுப் போன்ற புறநகர்களில், புதிய மின்சார கார் குறித்த பேச்சு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் கேட்கத் தொடங்கியுள்ளது. எந்த நிறுவனத்தின் கார் எப்போது வரும், முதலில் யாருக்குக் கிடைக்கும், சொன்ன தூரம் உண்மையில் ஓடுமா என்பன போன்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு நிறுவனங்கள் முழுமையான விடை அளிப்பதில்லை. ஆனால், முன்பணம் செலுத்தும் வாடிக்கையாளர் அந்த விடைகளில் ஒரு பகுதியைப் பொது ஆவணங்களிலிருந்தே தெரிந்துகொள்ள முடியும். அது எப்படி என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்பது ஆண்டுகள் நீண்ட காத்திருப்பு

2016ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி டெஸ்லா தனது மாடல் 3 காரை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. முன்பதிவுக் கட்டணம் 1,000 டாலர். அன்றைய மதிப்பில் இது சுமார் 66 ஆயிரம் ரூபாய். முன்பதிவு ஏற்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இடம்பெற்றது. பேடிஎம் நிறுவனர் விஜய் சேகர் சர்மா உள்ளிட்ட இந்தியர்கள் சிலர் உடனடியாகப் பணம் செலுத்தினர்.

அமெரிக்காவில் முதல் 30 கார்கள் 2017ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி ஒப்படைக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்நிறுவனத்தின் ஊழியர்களே. இந்தியாவில் காத்திருந்தவர்களுக்கோ தேதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பெங்களூருவில் டெஸ்லாவின் இந்தியக் கிளை நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டமிடப்பட்டிருந்த எலான் மஸ்கின் இந்தியப் பயணம் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. இறுதியாக, 2025ஆம் ஆண்டு மே மாதம், பழைய மாடல் 3 முன்பதிவுகளுக்கான தொகையைத் திருப்பித் தருவதாக மின்னஞ்சல் வந்ததாக அவர்களில் சிலர் தெரிவித்தனர். இரண்டு மாதங்கள் கழித்து மும்பையில் காட்சியகம் திறக்கப்பட்டபோது, விற்பனைக்கு வைக்கப்பட்டது மாடல் ஒய் என்னும் வேறொரு கார்.

அந்தத் தொகை திரும்பப் பெறத்தக்கது என்பதால் பண இழப்பு பெரிதல்ல என்று வாதிடலாம். எனினும், தேதி குறிப்பிடப்படாத முன்பதிவு என்பது வாடிக்கையாளரின் பணத்தையும் முடிவையும் வரம்பின்றி நிறுத்தி வைக்கும் ஏற்பாடு என்பதை இந்த ஒன்பது ஆண்டுகள் உணர்த்தின.

நிறுவனங்கள் ஏன் மறைக்கின்றன?

புதிய காரின் விவரங்களைக் காப்பதற்கு வணிகக் காரணங்கள் உள்ளன. சாலையில் சோதனைக்கு விடப்படும் கார்களின் மீது கறுப்பு வெள்ளைச் சுழல்கள் அச்சிடப்பட்ட உறை ஒட்டப்படுவது இதனால்தான். அச்சுழல்கள் உடலின் வளைவுகளையும் விளிம்புகளையும் கண்ணும் கேமராவும் சரியாகப் பிரித்தறிய முடியாதபடி செய்கின்றன. போட்டி நிறுவனம் வடிவமைப்பை முன்கூட்டியே அறிந்துகொள்வதை இது தாமதப்படுத்துகிறது.

இரண்டாவது காரணம் விற்பனை தொடர்பானது. அடுத்த மாடல் விரைவில் வருகிறது என்று தெரிந்தால், இப்போது கடையில் இருக்கும் மாடலை வாங்குவோர் குறைந்துவிடுவர். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்போர்ன் கணினி நிறுவனம் திவாலானதற்கு, புதிய கணினியைப் பற்றி முன்கூட்டியே பேசியதும் ஒரு காரணம் என வணிகப் பாடங்களில் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

மூன்றாவது காரணம் பெயர், காப்புரிமை போன்ற சட்டச் சிக்கல்கள். மஹிந்திரா நிறுவனம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி சென்னையில் இரண்டு மின்சார கார்களை அறிமுகம் செய்தது. அவற்றில் ஒன்றின் பெயர் பிஇ 6இ. இதில் உள்ள '6இ' தனது வணிகக் குறியீடு என்று இண்டிகோ விமான நிறுவனத்தை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷன் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அடுத்த சில நாட்களில், கார் பிஇ 6 என்ற பெயரில் விற்கப்படும் என மஹிந்திரா அறிவித்தது.

இக்காரணங்கள் அனைத்தும் முன்பதிவு தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்குப் பொருந்துபவை. வாடிக்கையாளரிடம் பணம் பெற்ற பின்னர் ஒப்படைப்புத் தேதி, வரிசை, எண்ணிக்கை ஆகியவற்றை மறைப்பதற்கு இவை எதுவும் நியாயம் சேர்ப்பதில்லை.

ரகசியம் வெளிப்படும் நான்கு இடங்கள்

ஒரு காரை இந்தியச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் அது அரசின் பல பதிவேடுகளைக் கடந்தாக வேண்டும். நிறுவனத்தின் மௌனம் அங்கே செல்லுபடியாவதில்லை. டெஸ்லாவின் வருகை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

முதலாவது, தகுதிச் சான்று. எந்தப் புதிய மாடலும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். மின்கலப் பாதுகாப்புக்கு ஏஐஎஸ் 038 என்ற தனித் தரநிலை உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் மும்பை - புனே விரைவுச் சாலையில் உறையிடப்பட்ட மாடல் ஒய் ஒன்று படம் பிடிக்கப்பட்டபோதே, கார் விற்பனைக்கு நெருங்கிவிட்டதை வாகனத் துறையினர் கணித்தனர்.

இரண்டாவது, குத்தகைப் பத்திரம். மகாராஷ்டிரத்தில் வணிகக் கட்டடக் குத்தகைகள் பதிவு செய்யப்படுகின்றன. பாந்த்ரா - குர்லா வளாகத்தில் காட்சியகத்துக்காக டெஸ்லா எடுத்த சுமார் 4,000 சதுர அடி இடமும், அதற்கான மாத வாடகை 35 லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் இத்தகைய ஆவணங்கள் வழியாகவே வெளிவந்தன.

மூன்றாவது, சுங்க ஆவணம். ஷாங்காய் தொழிற்சாலையிலிருந்து மும்பைக்கு முதல் ஐந்து மாடல் ஒய் கார்கள் வந்திறங்கியதை ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு காரின் அறிவிக்கப்பட்ட மதிப்பு சுமார் 27.7 லட்சம் ரூபாய் என்றும், இறக்குமதி வரி 21 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றும் அச்செய்தி கூறியது. 59.89 லட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்ட தொடக்க விலையில் வரியின் பங்கு எவ்வளவு என்பது இதனால் தெளிவானது.

நான்காவது, வாகனப் பதிவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாகன்' இணையதளத்தில், எந்த நிறுவனத்தின் எத்தனை வாகனங்கள் எந்த மாதத்தில் பதிவாயின என்பதை யாரும் பார்க்கலாம். மாநிலவாரியாகவும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகவாரியாகவும் பிரித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. பாண்டுப் பகுதி வாகனங்கள் எம்எச் 03 என்ற குறியீட்டில் வடாலா அலுவலகத்தில் பதிவாகின்றன.

ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை இந்தியாவில் சுமார் 600 முன்பதிவுகள் வந்ததாக ப்ளூம்பெர்க் குறிப்பிட்டிருந்தது. பதிவுத் தரவுகளின் அடிப்படையில் வாகன விற்பனையாளர் சங்கக் கூட்டமைப்பு வெளியிட்ட பட்டியலில் செப்டம்பரில் 64, அக்டோபரில் 40 டெஸ்லா கார்கள் இடம்பெற்றன. முன்பதிவுக்கும் ஒப்படைப்புக்கும் இடையிலான தொலைவை இவ்விரு எண்களே காட்டிவிடுகின்றன.

ஒரே நாளில் இரண்டு முன்பதிவுகள்

2025ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி டெஸ்லாவின் மும்பைக் காட்சியகத்தை முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னாவிஸ் திறந்துவைத்தார். அதே நாளில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் விஎஃப் 6, விஎஃப் 7 ஆகிய கார்களுக்கு முன்பதிவைத் தொடங்கியது. தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் அமைந்த அந்நிறுவனத்தின் ஆலையை ஆகஸ்ட் 4ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார்.

இரு நிறுவனங்களும் கேட்ட முன்பணம் ஏறத்தாழ ஒன்றே. டெஸ்லா 22,220 ரூபாய், வின்ஃபாஸ்ட் 21,000 ரூபாய். ஆனால் நிபந்தனை வேறு. வின்ஃபாஸ்டின் தொகை திருப்பித் தரத்தக்கது. டெஸ்லாவின் தொகை திருப்பித் தரப்படாதது என்றும், ஏழு நாட்களுக்குள் மேலும் 3 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. விளம்பரத்தில் இரண்டும் 'முன்பதிவு' என்ற ஒரே சொல்லாகத் தோன்றினாலும், ஒன்றில் வாடிக்கையாளர் விலகிக்கொள்ளலாம். மற்றதில் விலகினால் பணத்தை இழக்க நேரும்.

டெஸ்லா தொடக்கத்தில் மும்பை, புனே, டெல்லி, குருகிராம் ஆகிய நான்கு நகரங்களுக்கு முன்னுரிமை அளித்தது. வின்ஃபாஸ்ட் விலையை அறிவித்தது செப்டம்பர் 6ஆம் தேதி. விஎஃப் 6 காரின் தொடக்க விலை 16.49 லட்சம் ரூபாய். அதாவது, ஜூலையில் முன்பதிவு செய்தவர்கள் ஏழு வாரங்களுக்கும் மேலாக விலை தெரியாமலேயே காத்திருந்தனர். அங்கே திருப்பித் தரும் நிபந்தனையே அவர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

முதலில் யாருக்குக் கார்?

முன்பதிவு எண்களை வெளியிட்ட நிறுவனத்துக்கும் உதாரணம் உண்டு. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகிய கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி முன்பதிவு தொடங்கியது. முதல் நாளிலேயே 30,179 முன்பதிவுகள் வந்ததாகவும், அவற்றின் மதிப்பு 8,472 கோடி ரூபாய் என்றும் நிறுவனம் அறிவித்தது. அவர்களில் 73 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தது விலை உயர்ந்த 'பேக் த்ரீ' வகையை.

ஒப்படைப்பு அட்டவணையையும் நிறுவனம் முன்னரே கூறிவிட்டது. பேக் த்ரீ மார்ச் நடுப்பகுதியிலிருந்து, பேக் த்ரீ செலக்ட் ஜூனிலிருந்து, பேக் டூ ஜூலையிலிருந்து, பேக் ஒன் ஆகஸ்டிலிருந்து என அது வரிசைப்படுத்தப்பட்டது. அதன்படி முதல் கார்கள் மார்ச் 20ஆம் தேதி முதல் வழங்கப்பட்டன.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2024 நவம்பரில் நாளிதழ்களின் தலைப்புகளில் இடம்பெற்ற விலை பிஇ 6 காரின் 18.90 லட்சம் ரூபாய். அது பேக் ஒன் வகையின் விலை. அதை நம்பி வரிசையில் நின்றவருக்கு ஒப்படைப்பு தொடங்குவது ஒன்பது மாதங்கள் கழித்துதான். மேலும், வீட்டில் பொருத்தும் சார்ஜர் அந்த விலையில் சேராது, 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000 ரூபாயும், 11.2 கிலோவாட் சார்ஜருக்கு 75,000 ரூபாயும் தனி. விலை குறைந்த வகை கடைசியில் வருவது உலகெங்கும் கார் நிறுவனங்கள் பின்பற்றும் வழக்கம். அதிக விலையுள்ள கார்களை முதலில் விற்றால் முதலீடு விரைவாகத் திரும்பும் என்பதே இதன் கணக்கு. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் தனது முடிவைத் தெளிவாக எடுக்க முடியும்.

கிலோமீட்டர் கணக்கு

ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பது முதல் கார்கள் வாடிக்கையாளர்களின் கைக்கு வரும்வரை யாராலும் சுயமாகச் சரிபார்க்க முடியாத தகவல். நிறுவனங்கள் வெளியிடும் எண் ஆய்வக அளவீடு. இந்தியாவில் எம்ஐடிசி என்ற சோதனை முறையும், ஐரோப்பாவில் டபிள்யூஎல்டிபி என்ற முறையும் பின்பற்றப்படுகின்றன. வேகம், நிறுத்தம், முடுக்கம் ஆகியவை இவ்விரு முறைகளிலும் வேறுபடுவதால், ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

79 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட பிஇ 6 காருக்கு எம்ஐடிசி அளவு 683 கிலோமீட்டர். அன்றாடப் பயன்பாட்டில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று மஹிந்திராவே தனியாகத் தெரிவித்தது. மாடல் ஒய் காரின் அடிப்படை வகைக்கு டெஸ்லா கூறும் 500 கிலோமீட்டர் என்பது டபிள்யூஎல்டிபி அளவு. 683, 500 என்ற இரு எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் தவறான முடிவுக்கு வரக்கூடும். குளிர்சாதனம் இயங்கும் மே மாத வெயிலும், வேகமான நெடுஞ்சாலைப் பயணமும் எந்தக் காரின் எண்ணையும் மேலும் குறைக்கும்.

பாண்டுப்பில் சார்ஜ் செய்வது எப்படி?

கார் வந்த பிறகு எழும் முதல் சிக்கல் மின் இணைப்பு. மும்பை மாநகரின் பெரும்பகுதிக்கு பெஸ்ட், அதானி, டாடா பவர் ஆகியவை மின்சாரம் வழங்குகின்றன. பாண்டுப், முலுண்டு பகுதிகளில் மாநில அரசின் மகாவிதரண் நிறுவனமே முதன்மை விநியோகஸ்தர். எனவே செம்பூரில் வசிக்கும் உறவினர் சார்ஜருக்கு விண்ணப்பித்த நடைமுறை பாண்டுப்பில் அப்படியே பொருந்தாது.

வீட்டில் உள்ள மின் இணைப்பிலிருந்தே காரை சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. தனி மீட்டர் பெறவும் வழியுண்டு. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிற்கும் இடமும் மீட்டர் அறையும் குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பதால், சொசைட்டியின் ஒப்புதல் தேவைப்படுகிறது. கட்டடத்துக்கு வரும் மொத்த மின்சுமை, கேபிள் செல்லும் வழி, தீப் பாதுகாப்பு ஆகியவை குறித்துச் சங்கம் கேள்வி எழுப்புவது இயல்பு.

79 கிலோவாட் மணி மின்கலத்தை 7.2 கிலோவாட் சார்ஜரில் முழுமையாக நிரப்ப ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். சாதாரண 15 ஆம்பியர் இணைப்பில் இது ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கார் வந்த பின்னர் ஒப்புதலுக்கு அலைவதைவிட, முன்பதிவுக்கு முன்பே சங்கத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவது நல்லது.

மறுபுறம், மகாராஷ்டிர அரசின் 2025ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை சில சலுகைகளைத் தருகிறது. கடல்வழி அடல் சேதுப் பாலத்தில் மின்சார கார்களுக்கான சுங்கக் கட்டண விலக்கு ஆகஸ்ட் 2025 முதல் நடைமுறைக்கு வந்தது. 30 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 6 சதவீத வரி விதிக்க அதே ஆண்டு மாநில பட்ஜெட்டில் முன்மொழியப்பட்டு, பின்னர் அம்முடிவு கைவிடப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், தரநிலை, விலை ஆகியவை குறித்துத் தகவல் பெறுவதை நுகர்வோரின் உரிமையாக வரையறுக்கிறது. சேவை வழங்குபவர் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்ற வரையறைக்குள் அடங்கும் என்று அச்சட்டத்தின் 2(11) பிரிவு கூறுகிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்தும் முறையிட முடியும்.

நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமும், அதற்கு மேல் 2 கோடி ரூபாய் வரை மாநில ஆணையமும் விசாரிக்கும். அதற்கு முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டியவை

* முன்பணம் திருப்பித் தரத்தக்கதா? எந்த நாள் வரை? விடையை ஒப்பந்தத்திலேயே பார்க்க வேண்டும்.
* தேர்ந்தெடுத்த வகையின் ஒப்படைப்பு எந்த மாதம் தொடங்கும்? தாமதமானால் பழைய விலை பொருந்துமா?
* விளம்பர விலையில் சார்ஜர், பொருத்தும் செலவு, காப்பீடு ஆகியவை அடங்குமா?
* கூறப்படும் தூரம் எந்தச் சோதனை முறையின்படி அளவிடப்பட்டது?
* மின்கல உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமா? காரை விற்றால் அடுத்தவருக்கு எவ்வளவு மாறும்?
* அருகிலுள்ள பழுதுபார்ப்பு நிலையம் எங்கே? அது இப்போதே இயங்குகிறதா?
* வாகன் தளத்தில் அந்த மாடலைத் தயாரிக்கும் நிறுவனத்தின் மாதாந்திரப் பதிவு எவ்வளவு? முன்பதிவு எண்ணிக்கை அறிவிக்கப்பட்டிருந்தால், வரிசை எத்தனை மாதங்களில் தீரும் என்பதை வகுத்துக் கணக்கிடலாம்.

இக்கேள்விகளுக்கு வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதிமொழிகள் பின்னர் நிரூபிக்கக் கடினமானவை. விற்பனைப் பிரதிநிதியின் பதிலை மின்னஞ்சலில் கேட்டுப் பெற்று, பணம் செலுத்திய ரசீதுடன் சேர்த்து வைத்திருப்பது, கார் தாமதமாகும்போது வாடிக்கையாளரின் கையில் இருக்கும் முதல் சான்றாக அமையும்.